பேரன் பெயரில் பிழையில்லை அண்ணாச்சி, கட்டத்தில்தான் பிழை

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸில். பேரனுக்கு 9 வயது, பெயர் கவின், பிறந்தது திருநெல்வேலியில், அங்கே போனது இரண்டு வயதில், இப்போது கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிற அனுமதி அட்டை, இருக்கிறது. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் ‘எஃப்என்யூ கவின்’ என்று ஏறிவிட்டதால் புதிதாக வரும் டீச்சரெல்லாம் ‘ஃபனூ’ என்று கூப்பிட, பையன் அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறான். ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட், பிறப்புச் சான்றிதழை மாற்றி கெஜட்டிலும் போட்டுத் தருகிறேன், 30 ஆயிரம் ஆகும் என்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது பெயர்க் கட்டத்தில் கவின் என்று போட்டுவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதனால் கவின் அங்கே நகர்ந்துவிட்டான், காலியான முதல் கட்டத்தில் எஃப்என்யூ வந்து உட்கார்ந்தது. ‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை. சொரிமுத்தையனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்குப் பெயர் தெரியவில்லையாம்! இனிஷியலோடு வாழ்கிற ஜனம் இத்தனை கோடி இருக்கிறது, ஒரு கட்டத்தைச் சரிசெய்ய இரண்டு அரசாங்கத்துக்கும் இன்னும் நேரம் வரவில்லை.

சரி, பிறப்புச் சான்றிதழுக்கு வருவோம். அதில் பையன் பெயர் கவின், அப்பா பெயர் தனியாக, எல்லாம் சரியாகவே இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, பிழையான பதிவைத் திருத்தத்தான் இருக்கிறது. பிழையே இல்லாத இடத்தில் ஏஜென்ட் எதைத் திருத்துவார்? கிரீன் கார்டுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தாயிற்று, இப்போது வேறு பெயரில் இன்னொன்று முளைத்தால் அங்கே உள்ள அதிகாரி பையனையே சந்தேகப்படுவார். கெஜட்டும் அப்படித்தான், இங்கே குடியிருப்பவருக்கு அது உதவும், டெக்சாஸ் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

செய்ய வேண்டியது அங்கேதான். மகன் வசிக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் பிள்ளையின் பெயர் மாற்ற மனுப்போட வேண்டும். அம்மா அப்பா இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வேலை சுலபம், ஒருவர் மட்டும் போட்டால் மற்றவருக்கு நோட்டீஸ் போகும். டெக்சாஸில் 10 வயது ஆகிவிட்டால் பையனின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும், உங்கள் பேரனுக்கு 9. தீர்ப்பு வந்ததும் ஐ-90 படிவம் போட்டு கிரீன் கார்டு, அதோடு இந்தியத் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட், கடைசியில் சோஷியல் செக்யூரிட்டி கார்டு, அதாவது அந்த நாட்டு அரசு ஆளுக்கொரு எண் போட்டுத் தருகிற அட்டை. கடைசியாகச் சொன்னதற்குக் கட்டணமே கிடையாது, அதற்கும் காசு வாங்குகிற இணையதளங்கள் உண்டு, ஏமாறாமல் இருக்கச் சொல்லுங்கள். லீவுக்கு வரும்போது திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் முடித்துவிடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் கிரீன் கார்டு இன்னொரு பெயரிலும் வைத்துக்கொண்டு திரும்பும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கப்போவது உங்கள் மருமகள்தான்.

அங்கேயும் ஏஜென்ட் உண்டு. நம்மூரில் நோட்டரி என்றால் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல். அமெரிக்காவில் ‘நோட்டரி பப்ளிக்’ என்பவர் கையெழுத்துக்குச் சாட்சியாக நிற்கிறவர், சட்டம் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. நம்ம ஆட்கள் போர்டைப் பார்த்து வக்கீல் என்று நினைத்துக் குடியேற்ற ஆவணத்தையெல்லாம் ஒப்படைத்துவிடுகிறார்கள். மனுவை மகன் தானே போடலாம், வக்கீல் வேண்டுமென்றால் உண்மையான வக்கீலிடம் போகட்டும்.

மகன் அடுத்த வருஷம் குடியுரிமை எடுக்கிறார், அப்போது நீதிபதி முன்னால் சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசதி, மனுப்போட்டுக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கிற, 18 வயது ஆனவருக்கு. கிரீன் கார்டோடு அப்பாவுடன் அங்கே வசிக்கிற 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, அப்பா குடிமகனாகிற அன்றே தானாகக் குடிமகனாகிவிடும், தனியாக மனுவும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. நிற்க மேடையே இல்லாதபோது பெயரை எங்கே மாற்றுவது? ஆக, கோர்ட் உத்தரவு எப்படியும் வேண்டும். ஆனால் குடியுரிமை உண்மையிலேயே பக்கத்தில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செலவழிக்காதீர்கள், குடிமகனானதும் அதை ஒப்படைக்கத்தான் போகிறான். வருஷக்கணக்கில் இழுக்கும் என்றால் மாற்றிவிடுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருஷம்தான், நடுவில் ஒருமுறை புதுப்பித்தபோதே இதைச் செய்திருக்கலாம், பழையபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள் போல.

உத்தரவு வாங்கும்போதே அத்தாட்சி நகல் நாலைந்து வாங்கி வைக்கட்டும், பல இடங்களில் ஜெராக்ஸ் எடுபடாது.

அப்புறம், எந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைப்பது என்று கேட்டீர்கள். மகன் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது சுடலைமுத்து, உங்கள் பெயர்தானே! அதையே பேரனுக்கும் வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி ‘து’வுக்கு ‘டிஎச்’ போடுவதா, வெறும் ‘டி’யா என்று யாரும் யோசிக்க வேண்டாம், மகன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதட்டும்.