காபி கருகிய ரப்பர் போல நாறுகிறது, நோய் முற்றுகிறதா?

கேள்வி: மூன்று மாதம் முன்பு கொரோனா வந்தபோது வாசனையே தெரியாமல் போனது. பிறகு கொஞ்சம் திரும்பியது. இப்போது காபி, வதக்கிய வெங்காயம், பற்பசை எல்லாமே கருகிய ரப்பர் மாதிரி நாறுகிறது, சாப்பிடவே முடியவில்லை. நோய் முற்றுகிறதா? துத்தநாகம் எடுக்கலாமா?

பதில்: முற்றவில்லை, பயப்படாதீர்கள். வாசனை சுத்தமாகப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கோணலாகத் திரும்புவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். பெரும்பாலும் அது நரம்பு மறுபடி வளர்வதன் அடையாளம்.

மூக்கின் கூரையில் சின்னதாக ஒரு சவ்வு இருக்கிறது. கொரோனா கிருமி முக்கியமாகத் தாக்குவது அங்குள்ள வாசனை நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்களை. அவை சாயும்போது நரம்புகளும் சேர்ந்து கெடுகின்றன. நல்ல வேளை, இந்த நரம்புகள் புதிதாக முளைக்கக்கூடியவை. முளைத்த இழைகள், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் சல்லடை எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போய்ச் சேரும்போது சில தப்பான இடத்தில் இணைகின்றன, சில இன்னும் போய்ச் சேரவே இல்லை, அதனால் மூளைக்குக் கிடைப்பது அரைகுறைச் செய்தி. வறுத்தது, வதக்கியது எல்லாம் அதிகம் படுத்துவதற்குக் காரணம், சூட்டில் உண்டாகும் கந்தகம் கலந்த மூலக்கூறுகள். துளி அளவே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் கொஞ்ச நாளைக்கு ஆறிய சாப்பாடு, வேகவைத்தது, தயிர், பழம் என்று போங்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

சிகிச்சை என்றால் வாசனைப் பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது விநாடி மெதுவாக முகருங்கள், அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மெல் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 12 வாரம் செய்யவைத்தார்கள். நீங்கள் அதற்கு மேலும் தொடரலாம். சலிப்பான வேலைதான், பாதியில் விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒன்று குமட்டினால் அதை மாற்றிவிடுங்கள்.

துத்தநாக மாத்திரையால் பலன் கிடைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மூக்கில் போடும் துத்தநாக ஜெல் பக்கமே போகாதீர்கள், வாசனை போய்விடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-லேயே எச்சரித்தது. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

அப்புறம், சமையல் வாயு கசிந்தாலோ பண்டம் கெட்டுப்போனாலோ உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பது, ரத்தம் வருவது, இல்லாத வாசனை திடீரென்று வந்து கூடவே நினைவு தடுமாறுவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். இவை இல்லாவிட்டாலும் பயிற்சி முடிந்த பிறகும் மாற்றமே தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.