‘அக்கா, கோபமா?’

கேள்வி: எனக்கு வயது 49. தம்பிக்கு 41. பதினாறு வருடங்களாக அவனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையைத் தவறாமல் போடுகிறான்; காதில் குரல் கேட்பது நின்று ஐந்தாறு வருடம் ஆகிறது. மூன்று வருடம் முன்பு அம்மா இறந்தபின் என்னோடுதான் இருக்கிறான். அம்மா காரியத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ‘வாங்க’ இல்லை, சிரிப்பு இல்லை. சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். நாளுக்கு இருபது தடவை ‘அக்கா, கோபமா?’ என்று கேட்டு உயிரை எடுக்கிறான். ‘ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு’ என்று விரட்டிவிடுவேன். சின்னத் தம்பி ஓசூரில் இருக்கிறான், மாதாமாதம் பணம் அனுப்புகிறான். தை மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இவனைப் பற்றித் தெரியாது. பாசமே செத்துப்போனவனை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டால் என்ன?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: விடுதி, நிச்சயதார்த்தம் எல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். நாளுக்கு இருபது தடவை உங்கள் தம்பி ‘அக்கா, கோபமா?’ என்று கேட்கிறார். அதைத் தொந்தரவுக் கணக்கில் எழுதிவிட்டு, சில வரி தள்ளி அவரையே ‘பாசம் செத்தவன்’ என்கிறீர்கள். பாசம் செத்தவருக்கு அக்கா கோபமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எதற்கு இருபது தடவை வந்து நிற்கிறார்?

உங்கள் முகத்தை அவரால் படிக்க முடியவில்லை. அதனால் கேட்கிறார்.

நமக்கு ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவள் அலுப்பில் இருக்கிறாள், நம்மேல் ஒன்றுமில்லை’ என்று பிடிபட்டுவிடும். யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. மூளைக்குள்ளே இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. எதிரே நிற்பது ஆபத்தா இல்லையா என்று முந்திக்கொண்டு மோப்பம் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிகள் ‘சும்மா இரு, ஒன்றுமில்லை’ என்று அதை அடக்கும். மனச்சிதைவில் இந்தக் கூட்டு வேலைதான் குளறுகிறது. மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் வந்த முடிவு இது: பயந்த முகத்தைக் காட்டினால் அமிக்டலா எழவேண்டிய அளவுக்கு எழுவதில்லை, எந்த உணர்ச்சியும் இல்லாத வெறும் முகத்துக்குத் தேவையில்லாமல் விழித்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெறும் முகமெல்லாம் கோப முகம். மாத்திரை குரல்களை நிறுத்தும், சந்தேகத்தைக் குறைக்கும். முகம் படிக்கிற இந்த வேலைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ‘நோய் அடங்கிடுச்சு, ஆனா ஆளோட பழகத் தெரியல’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தோசைக்கல் முன்னால் நிற்கிறீர்கள், இடுப்பு வலிக்கிறது, நிச்சயதார்த்தச் செலவு மண்டைக்குள் ஓடுகிறது. அவர் வந்து கேட்கிறார். உங்கள் வாய் ‘ஒண்ணுமில்ல’ என்கிறது, குரல் ‘கோபம்தான்’ என்கிறது. எதை நம்புவார்? அரை மணி நேரம் கழித்து மறுபடி வராமல் என்ன செய்வார்?

தெரியாததை வாய்விட்டுக் கேட்கிற மனிதர் அவர். நம் வீட்டு ஆண்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? (என் வீட்டில் நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.) அவருக்கு மிச்சமிருக்கும் வழி அந்த ஒரு கேள்விதான். அந்தக் கதவைத்தான் நாளுக்கு இருபது தடவை நீங்கள் அறைந்து சாத்துகிறீர்கள்.

பதில் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். ‘கோபம் இல்லடா, இடுப்பு வலி.’ ‘கோபம்தான், உன்மேல இல்ல, கேஸ் சிலிண்டர் இன்னும் வரல.’ ‘ஆமா, உன்மேலதான், குழாயை மூடாம வந்துட்ட. போய் மூடு, அதோட தீர்ந்துச்சு.’ அவர் கேட்பதற்கு முன்பே சொன்னால் இன்னும் நல்லது. சின்ன வாக்கியம், சாதாரணக் குரல், நேராக முகத்தைப் பார்த்து. தெளிவாகப் பதில் சொன்ன பிறகும் நிமிடத்துக்கு ஒருதரம் அதையே கேட்டுத் தவித்தால் அது பதற்றமாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கண்ணீர். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த நோயில் அதை நம்பாதீர்கள். ஆன் கிரிங், ஜான் நீல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சினிமாத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். நோயுள்ளவர்களின் முகத்தில் அசைவு குறைவு. உள்ளே என்ன தோன்றியது என்று கேட்டால், மற்றவர்களுக்குக் குறையாமல் சொன்னார்கள். தோலில் கசியும் வியர்வையை வைத்து உடம்பின் பதற்றத்தை அளந்தபோது அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அம்மா காரியத்தில் அழாதவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று வருடத்தில் நீங்கள் கேட்டீர்களா? இன்னொன்று, சில மாத்திரைகளே முகத்தை இறுக்கிவிடும். கை நடுக்கம், மெதுவான நடை இருக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைத்தால் எனக்கு இனி கடிதம் எழுதாதீர்கள்.

வீட்டுப் பேச்சுக்கு என்ன பெரிய சக்தி என்று கேட்பீர்கள். லண்டனில் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற இருவர் 1976-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குத்தலும் வெறுப்பும், அல்லது மூச்சு முட்டுகிற அளவு அதிகப் பொத்திவைப்பும் இருக்கிற வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அமைதியான வீடுகளுக்குப் போனவர்களில் எட்டில் ஒருவருக்குத்தான். பிறகு சண்டிகரில் பார்த்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் குத்தல் லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. கூடி வாழ்கிற பழக்கம் நமக்குக் கொடுத்திருக்கிற சொத்து அது. நீங்கள் அதைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஒருத்தியாகவே செலவழிக்கிறீர்கள் என்பதும் உண்மை. ஓசூர்க்காரர் பணம் அனுப்பினால் தம்பிக் கடமை முடிந்துவிடுமா? மணியார்டருக்கு மாமன், சித்தப்பன் என்று உறவுமுறை கிடையாது. மாதத்தில் ஒரு வாரம் அவர் வந்து உங்கள் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் எங்கேயாவது போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போவது இனி அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் அவர். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி, சிகிச்சை அமைப்பு போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள்.

விடுதி எல்லாமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடி உதை, மாத்திரை மறுப்பு என்று இருந்தால் வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஆளை மறைக்க வேண்டும், அவ்வளவுதான். மறைக்காதீர்கள். தை பிறப்பதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரையில் அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் இப்போதே போகட்டும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து உங்கள் மகளைக் குத்திக்காட்டுவதைவிட அது மேல்.

அன்றைக்கு அவரை நாள் முழுக்கக் கூட்டத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். ஐம்பது புது முகம் அவருக்கு ஐம்பது கணக்கு. ஓசூர்த் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து ‘இவர் மாப்பிள்ளையோட பெரியப்பா, சத்தமாத்தான் பேசுவார், கோபம் இல்ல’ என்று காதோடு சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தட்டு மாற்றுகிறவரை இருந்தால் போதும். அறைக்குப் போகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே ஓரத்து இலையில் உட்கார வையுங்கள், அப்போது இரைச்சல் குறைவாக இருக்கும்.