40,000 ரூபாய் வித்தியாசம் எத்தனை கிலோமீட்டரில் தீரும்?

கேள்வி: அவிநாசியில் வசிக்கிறேன், திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். போக வர 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் வேலை. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் பழைய ஸ்கூட்டரை மாற்ற வேண்டும். பெட்ரோல் ஸ்கூட்டர் ஆன்ரோடு விலை ரூ.1,05,000, மின்சார ஸ்கூட்டர் ரூ.1,45,000. கூடுதலாகப் போடும் பணம் 11 மாதத்தில் திரும்பிவிடும் என்று ஷோரூமில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். கையில் ரூ.1,05,000 இருக்கிறது. மீதி ரூ.40,000-ஐ 10 சதவீத ஃப்ளாட் வட்டியில் 3 ஆண்டுக் கடனாகத் தருவார்களாம். தபால் நிலைய ஆர்.டி. ரூ.48,000 இன்னும் 3 மாதத்தில் முதிர்கிறது. பேட்டரிக்கு 3 ஆண்டு உத்தரவாதம், ரூ.6,000 கட்டினால் 8 ஆண்டு. உத்தரவாதம் முடிந்த பின் மாற்றினால் ரூ.60,000 ஆகும் என்றார்கள். அந்த வரைபடத்தை நம்பலாமா? தானே வரைந்து தருவதாகப் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சொல்கிறாள்.

பதில்: மகளையே வரையச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்காக வரைந்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் அந்தக் கிராஃப் தாள், வண்டி வாங்கும்போதுதான் உண்மையில் பயன்படுகிறது.

முதலில் கிடையச்சில் எதைக் குறிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஷோரூம் வரைபடத்தில் அங்கே மாதங்கள் இருந்திருக்கும். மாதத்தைக் குறித்த உடனேயே, ஒரு மாதத்தில் வண்டி எவ்வளவு ஓடும் என்ற அனுமானம் கோட்டின் சாய்வுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஆகவே நீங்கள் கிடையச்சில் ஓடிய கிலோமீட்டரையும், குத்தச்சில் அதுவரை ஆன மொத்தச் செலவையும் குறியுங்கள். கிடையச்சில் 1 செ.மீ.க்கு 5,000 கிலோமீட்டர், குத்தச்சில் 1 செ.மீ.க்கு ரூ.20,000 என்ற அளவுத்திட்டம் சாதாரணக் கிராஃப் தாளில் தாராளமாக அடங்கும். இரண்டு அச்சுகளும் பூஜ்ஜியத்திலேயே தொடங்கட்டும். குத்தச்சை ஒரு லட்சத்தில் தொடங்கி மேலே இழுத்து வரைந்தால், வெட்டும் புள்ளி மாறாது என்றாலும், சிறிய வித்தியாசம் பெரிய பள்ளம்போலக் கண்ணுக்குத் தெரியும். விற்பனைக்கான படங்களில் இது வழக்கமாக நடப்பதுதான்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு எண்கள் போதும். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதபோது ஆகியிருக்கும் செலவு, அதாவது வாங்கிய விலை, கோடு குத்தச்சைத் தொடும் இடம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடும் செலவு, கோட்டின் சாய்வு. புதிய பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் என்றும் பெட்ரோல் ரூ.101 என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு சுமார் ரூ.2.25 ஆகிறது. மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 4 யூனிட் எடுக்கும் என்றும் யூனிட் ரூ.6.25 என்றும் வைத்தால் 25 பைசா. இங்கே ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது, பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. வீட்டுச் செலவுக்கு மேல்தான் ஸ்கூட்டரின் 60 யூனிட் போய் உட்காரும் என்பதால், ரசீதின் சராசரி விலையைப் போடாமல், உங்கள் வீடு தொடும் கடைசிப் படியின் விலையைப் போடுங்கள்.

இனிப் புள்ளிகள். பெட்ரோல் ஸ்கூட்டருக்குத் தொடக்கத்தில் 1,05,000. 20,000 கிலோமீட்டரில் 1,50,000. 40,000 கிலோமீட்டரில் 1,95,000. மின்சார ஸ்கூட்டருக்கு அதே இடங்களில் 1,45,000, 1,50,000, 1,55,000. நேர்க்கோட்டுக்கு இரண்டு புள்ளிகளே போதும் என்றாலும் மூன்றாவதைக் குறிப்பது தணிக்கைக்காக; அது கோட்டில் விழாவிட்டால் எங்கோ பெருக்கலில் பிழை இருக்கிறது. கணக்கரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரு கோடுகளும் 20,000 கிலோமீட்டரில், ரூ.1,50,000-இல் வெட்டிக்கொள்கின்றன. மாதம் 750 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு அது ஏறக்குறைய 27 மாதம். ஷோரூம் சொன்ன 11 மாதம் எப்படி வந்தது என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால், மாதம் சுமார் 1,800 கிலோமீட்டர், அதாவது விடுமுறையே இல்லாமல் நாளுக்கு 60 கிலோமீட்டர் வருகிறது. உணவு விநியோகம் செய்பவருக்கு அது பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து கடன். ரூ.40,000-க்கு 10 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால் 3 ஆண்டில் வட்டி மட்டும் ரூ.12,000. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவை முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 18 சதவீதம். வரைபடத்தில் மின்சார ஸ்கூட்டரின் கோடு சாய்வு மாறாமல் அப்படியே ரூ.12,000 மேலே நகர்கிறது. கிலோமீட்டருக்கு மிச்சமாவது 2 ரூபாய்தான். எனவே வெட்டும் புள்ளி 6,000 கிலோமீட்டர் தள்ளி, 26,000-க்குப் போகிறது. உங்கள் ஓட்டத்துக்கு அது 35-ஆவது மாதம். கடனின் கடைசித் தவணை கட்டும் நேரத்தில்தான் லாபமே தொடங்கும்.

பேட்டரி விஷயம்தான் இந்த வரைபடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அது கோட்டை உடைக்கக்கூடியது. 40,000 கிலோமீட்டரில், அதாவது நான்கரை ஆண்டு வாக்கில், உத்தரவாதம் முடிந்த பேட்டரியை மாற்ற நேர்ந்தால், 1,55,000-இல் இருந்த கோடு அதே இடத்தில் செங்குத்தாக 2,15,000-க்குத் தாவுகிறது. பெட்ரோல் கோடு அப்போது 1,95,000-இல்தான் இருக்கும். மறுபடி இரண்டும் சந்திப்பது 50,000 கிலோமீட்டரில், ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு. ரூ.6,000 கட்டி 8 ஆண்டு உத்தரவாதம் எடுத்தால், எப்போது வரும் என்று தெரியாத அந்தத் தாவல், தொடக்கத்திலேயே தெரிந்த ஒரு சிறு ஏற்றமாக மாறுகிறது. வெட்டும் புள்ளி 20,000-இலிருந்து 23,000 கிலோமீட்டருக்கு, உங்கள் கணக்கில் 31 மாதத்துக்கு, நகர்வதோடு சரி. உத்தரவாதத்துக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா, பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் செலவை நான் சேர்க்கவில்லை. எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை இல்லாததால் அது மின்சார ஸ்கூட்டருக்குச் சாதகமாகவே இருக்கும். பழைய வண்டியின் சர்வீஸ் ரசீதுகளைக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பெட்ரோல் கோட்டின் சாய்வில் சேர்க்கலாம்.

வண்டியை மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால், நீண்ட உத்தரவாதத்துடன் மின்சார ஸ்கூட்டரை வாங்குங்கள், கடன் வேண்டாம். ஆர்.டி. முதிரும்வரை 3 மாதம் பழைய ஸ்கூட்டரிலேயே போனால், 2,250 கிலோமீட்டருக்கு மின்சார ஸ்கூட்டரைவிடச் சுமார் ரூ.5,100 எரிபொருளுக்குக் கூடுதலாகச் செலவாகும். கடன் வாங்கினால் கட்ட வேண்டிய வட்டி ரூ.12,000. ஆர்.டி. தொகை ரூ.48,000-இல் விலை வித்தியாசமும் உத்தரவாதக் கட்டணமும் சேர்ந்த ரூ.46,000 அடங்கிவிடுகிறது. இடையில் பழைய வண்டி பெரிய பழுது வைத்து, அதைச் சரிசெய்ய ரூ.7,000-க்கு மேல் கேட்டால் மட்டும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.