வேலை இருக்கிறது, வாழ்க்கை இல்லை: கண்ணியமான வேலை பற்றிக் கேள்வி பதில்

தொழிலாளர் ஆய்வாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வேலைவாய்ப்பு, வறுமை பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். விசா, வருமான வரி என் துறை அல்ல, அவற்றைத் தொடவில்லை.

வேலை இல்லாததால்தானே வறுமை? எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதாதா?

முதலில் இந்த எண்ணத்தைத் தள்ளி வைப்போம். உலக அளவில் வேலை செய்வோரையும் தேடுவோரையும் சேர்த்து எண்ணினால், வேலை கிடைக்காதவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அப்படியென்றால் மீதி 95 சதவீதம் பேரும் நன்றாக இருக்கிறார்களா? இல்லை. கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் கூலிக்காகவோ லாபத்துக்காகவோ ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர் என்றுதான் பதிவாகும். ஏழைக்குச் சும்மா இருக்கக் கட்டுப்படியாகாது. விடிந்ததும் எதையாவது சுமக்க வேண்டும், விற்க வேண்டும், பொறுக்க வேண்டும். ஒப்பந்தமோ காப்பீடோ இல்லாத முறைசாரா வேலைகளில் இருப்பவர்கள் சுமார் 200 கோடி பேர். உழைக்கும் உலகில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஒரு பெண் வீட்டிலேயே சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொண்டிருந்தார், பீஸ் ரேட்டில். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஒரு வாரத்தை எழுதிப் பார்த்தேன். நூல் அவர் செலவு, விளக்குக்கு மின்சாரமும் அவர் செலவு. அடுத்த சட்டைக் கட்டு வராமல் காத்திருந்த இரண்டு நாளுக்குக் கூலி கிடையாது. தையல் கோணல் என்று திருப்பி அனுப்பிய உருப்படிகளுக்கும் கிடையாது. சாயங்காலம் மகள் நூல் கோத்துக் கொடுக்கும் நேரம் யார் கணக்கிலும் வராது. எல்லாவற்றையும் கழித்த பிறகு மணிக்கு என்ன நின்றது என்று சொன்னதும் அவர் நோட்டை வாங்கித் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். அவருக்கு வேலை இருந்தது. கையில்தான் ஒன்றும் நிற்கவில்லை. வேலை எத்தனை என்று மட்டும் எண்ணும் எந்தத் திட்டமும் இவரைப் பார்க்காது.

'கண்ணியமான வேலை' என்பது அழகான சொல். அதற்கு அளவுகோல் உண்டா?

உண்டு. 1999-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) தலைவராக இருந்த ஹுவான் சோமாவியா இந்தச் சொல்லை முன்வைத்தபோதே நான்கு கால்களைச் சொன்னார்: வேலைவாய்ப்பு, வேலையிடத்து உரிமைகள், சமூகப் பாதுகாப்பு, முதலாளியும் தொழிலாளியும் அரசும் உட்கார்ந்து பேசுவது. 2022-ல் வேலையிடப் பாதுகாப்பும் அடிப்படை உரிமைகளில் சேர்ந்தது. இவ்வளவு தாமதமானது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ரோபோக்கள் எல்லா வேலையையும் பிடுங்கிக் கொள்ளுமா?

சில வேலைகள் போகும், சில மாறும், சில புதிதாக வரும். போகிறவர்களுக்கு இடைக்கால வருமானமும் பயிற்சியும் உண்டா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். ஒப்பந்தம் அங்கே போன பிறகு தருவாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் 1997-ம் ஆண்டு ஐ.எல்.ஓ. உடன்படிக்கையின் பொது விதி. கடன் வாங்கிக் கட்டியவர், போன இடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடன் தீரும்வரை வெளியே வர முடியாது. 2021 கணக்குப்படி உலகில் 2.76 கோடி பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் பலரைக் கட்டிப் போட்டது சங்கிலி அல்ல, கடன்தான். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில், கிளம்பும் முன்பே, கையில் இருக்க வேண்டும்.

மோசமான வேலையாவது பட்டினியை விட மேல் இல்லையா? விதிகளை இறுக்கினால் ஆலைகள் வேறு நாட்டுக்குப் போய்விடும். நீங்கள் ஏழைகளின் வாயில் மண்ணைப் போடுகிறீர்கள்.

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நேர்மையான கேள்வி. கிராமத்தில் வழியே இல்லாமல் ஆலைக்கு வந்த ஒருவருக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை மூடச் சொல்லவில்லை.

வங்கதேசத்தைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24, ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. மேல் மாடிகளில் ஆடை தைப்பவர்களை மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். விரிசலைப் பார்த்த தொழிலாளி 'உள்ளே போக மாட்டேன்' என்று சொல்லியும் வேலையில் நீடிக்க வழி இருந்திருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு சர்வதேச பிராண்டுகளும் சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. சுயேச்சையான பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆடைத் துறைக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனது. ஆலைகள் ஓடிப் போயினவா? 2012-13-ல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி 2018-19-ல் 3,400 கோடியைத் தாண்டியது.

(அதே நண்பர்) ஒரு நாட்டை வைத்துப் பேசுகிறீர்கள். அதுவும் ஏற்றுமதிதான் கூடியது, தொழிலாளி வாழ்க்கை மாறியதா?

இரண்டாவது பாதி சரி. விலைவாசி அந்த உயர்வில் பெரும் பங்கைத் தின்றது; 5,300 அன்றைக்கே போதாது. அதனால் நான் வரும் முடிவு விதிகள் இன்னும் இறுக வேண்டும் என்பது. இன்னொரு நாடு கேட்டீர்கள்: கம்போடியா. 1999-ல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தப்படி, ஆலைகளில் நிலைமை மேம்பட்டால் கூடுதல் ஏற்றுமதிக் கோட்டா. 2001 முதல் ஐ.எல்.ஓ. ஆட்கள் உள்ளே போய்ச் சோதித்தார்கள். நல்லபடி நடத்துவதே லாபம் என்று ஆனது.

(இன்னொருவர்) எத்தியோப்பியாவில் ஆலை வேலை கிடைத்த பலரும் தாங்களே விட்டுப் போனார்களே? அது 'மோசமான வேலையாவது மேல்' என்ற அந்த நண்பரின் வாதத்தை உடைக்கவில்லையா?

நல்ல இடத்தில் தொட்டீர்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பிளாட்மேனும் டெர்கோனும் செய்த ஆய்வு அது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு வேலை கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஓராண்டுக்குள் வெளியேறினார்கள். சுயதொழிலில் கிடைப்பதை விட ஆலைச் சம்பளம் அதிகமில்லை, உடம்புக்குக் கேடு அதிகம். 'மோசமான வேலையாவது மேல்' என்று நாம் வெளியே உட்கார்ந்து சொல்கிறோம். உள்ளே போனவர்கள் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். நண்பரே, இதோடு இந்த விவாதத்தை நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இயந்திரங்கள் வந்தால் மனிதனுக்கு வேலை இருக்குமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

சிறுகடன் கொடுத்து எல்லாரையும் தொழில் முனைவோர் ஆக்கலாமே?

ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2015-ல் சேர்த்துப் பார்த்தபோது சிறு நன்மைகள் தெரிந்தன, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் மாற்றம் தெரியவில்லை. கடன் சிலருக்குக் கைகொடுக்கும். ஆனால் பலர் விரும்புவது மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளம். கடன் வாங்கிப் பணம் கட்டினால்தான் வேலை என்று யாராவது சொன்னால் மேலே ஏஜென்ட் பதிலை மறுபடி படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி வேலை...

இது மூன்றாவது முறை. மேலே பாருங்கள், தயவுசெய்து.

தொழிலாளர் ஆய்வாளராக அடுத்த மாதம் சேர்கிறேன். உள்ளே நுழைந்ததும் எதைப் பார்ப்பது?

உங்களுக்காக இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம். முதலில் அவசர வழிக் கதவைத் திறந்து பாருங்கள். 'சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது' என்றால் அங்கேயே நின்று எழுதுங்கள். அப்புறம் வருகைப் பதிவேடு. எல்லாரும் எல்லா நாளும் சரியாக எட்டு மணிக்கு வந்ததாக இருக்கும், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதைப் படமெடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டில் 'இதர பிடித்தம்' என்ற வரி எதற்கு என்று கேளுங்கள். கடைசியாக, தொழிலாளியிடம் ஆலைக்குள், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது பேசாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரட்டும். கூடவே நடந்து போங்கள். இரண்டாவது தெரு தாண்டிய பிறகுதான் பேச ஆரம்பிப்பார்கள்.