தீபாவளி கலெக்‌ஷன்ல வாங்குன பித்தளை நகை கழுத்தை பச்சையாக்குது, டூப்ளிகேட்டா?

பச்சையாகுறத வச்சு டூப்ளிகேட்னு சொல்ல முடியாது அக்கா, அசல் பித்தளையும் பச்சையாக்கும். பித்தளைன்னாலே செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான, நம்ம திருநெல்வேலி வெயில்ல வேர்வை ஊத்தும்போது அதுல உள்ள உப்பு செம்போட சேந்து பச்சையா ஒரு உப்பு உண்டாகி தோல்ல ஒட்டிக்கிடும், சோப்பு போட்டா போயிரும், பயப்படாதிய. ஆனா அரிச்சு தடிச்சா கதை வேற, முலாம்ல நிக்கல் இருக்கலாம், கழட்டி வச்சிருங்க.

இதே மாதிரி வெள்ளி நகை கறுக்குறது காத்துல உள்ள கந்தகத்தால. 92.5 வெள்ளி, அதாவது நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ளது, இன்னும் சீக்கிரமா கறுக்கும், ஏன்னா மிச்சம் 7.5ல பெரும்பாலும் செம்புதான்.

டிசைனர்மாரு செட்டா குடுக்குற வெளிர் கலர் காட்டன் குர்தி இருக்குல்லா, அந்த கழுத்துப்பட்டில பச்சைக் கறை ஏறுனா லேசுல போவாது, அதனால எனக்கென்னவோ வீரவநல்லூர் தறிச் சேலை மாதிரி அடர் கலரா எடுத்து உடுத்துறதுதான் புத்தி. குத்துவிளக்கு தேய்க்கமாதிரி புளி போட்டு நகையவும் தேய்ச்சிராதிய, மேல லேக்கர்ங்கிற பளபளப்பு பூச்சு பூசியிருந்தா உரிஞ்சிரும்! சென்ட் அடிச்சு காஞ்சப்புறம் நகைய மாட்டுங்க, ராத்திரி துடைச்சு ஜிப் கவர்ல போடுங்க, அம்புட்டுதான்.