கழுத்து வலிக்கு ஏன் தாடையையும் காலையும் பார்க்கிறார்கள்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) தைக்கிறேன். வயது 39. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். வலது பக்கக் கழுத்து இறுகிக்கொள்கிறது, சாயங்காலமானால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள் தேவலாம், அப்புறம் பழையபடிதான். பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். கழுத்தைவிடத் தாடையையும் வலது காலையும்தான் அதிக நேரம் பார்த்தார். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு ஏன் அங்கே போகிறார்?

பதில்: அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். மண்டையோடு கழுத்தைச் சேரும் இடத்தில், இருபுறமும் உள்ள பள்ளத்தில் கட்டைவிரல்களை வையுங்கள். கண்ணை மூடி, தலையை அசைக்காமல், விழிகளை மட்டும் இடமும் வலமும் ஓட்டுங்கள். விரலுக்கடியில் லேசாக ஏதோ அசைவது பலருக்குத் தெரியும். கண் எங்கே போகிறதோ அங்கே தலையைத் திருப்ப அந்தச் சின்னத் தசைகள் தயாராகின்றன. நாள் முழுக்க ஊசிமுனையையே பார்க்கிறவருக்கு அவை தளர நேரமே கிடைப்பதில்லை.

கண்ணுக்குப் பின்னால் வலிப்பதற்கும் இங்கேயே காரணம் உண்டு. மேல்கழுத்திலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்தில் கிளம்பும் வலி நெற்றியிலும் கண்ணிலும் இருப்பதுபோலத் தோன்றும்.

அடுத்தது தாடை. 1880-களில் ஹங்கேரி மருத்துவர் யென்ட்ராசிக் ஒன்றைக் கவனித்தார். கை விரல்களைக் கோத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு முழங்காலில் தட்டினால், கால் வழக்கத்தைவிடப் பலமாகத் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டாலும் அப்படித்தான். மருத்துவர்கள் இன்றும் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். ஓரிடத்தை இறுக்கினால் நரம்பு மண்டலம் மற்ற இடங்களையும் சேர்த்தே உஷார்ப்படுத்துகிறது. வேலை மும்முரத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குத் தோள் தளராமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

காலின் கதை வேறு, அது வெறும் பாரக் கணக்கு. பெடல் எட்ட இருந்தால் ஸ்டூலின் நுனிக்கு வருவோம். இடுப்பு பின்னால் சாயும், முதுகு கூனும், தலை முன்னால் போகும். தலை ஏறக்குறைய 5 கிலோ. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். அந்தப் பாரத்தைப் பின்கழுத்து தாங்குகிறது.

அதற்காக, கெண்டைக்காலை நீவினால் கழுத்து வலி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உள்ளங்காலிலிருந்து பின்தொடை வரை தசையுறைகள் தொடர்ச்சியாக இருப்பது உண்மை. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பதாலேயே வைத்தியமும் அந்த வழியே போய்விடாது. உங்கள் விஷயத்தில் மாற்ற வேண்டியது உட்காரும் விதம்.

லைன் மெக்கானிக்கிடம் சொல்லி, முதுகு நிமிர்ந்திருக்கும்போதே பாதம் முழுதாகப் பதியும் இடத்துக்குப் பெடலை நகர்த்தச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு பண்டில் (துணிக்கட்டு) மாற்றும்போதும் பல்லைக் கவனியுங்கள்: உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, நாக்கின் நுனி மேல்முன்பற்களுக்குப் பின்னால் லேசாக இருக்கட்டும். வளைவான இடம் தைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா என்றும் பாருங்கள். நிறையப் பேர் பிடிக்கிறார்கள். டீ நேரத்தில் உட்காராமல் நடங்கள். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், ஆறுதலாக இருக்கும்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், திடீரென்று தாங்கமுடியாத தலைவலி வந்தாலும், வியர்வை, மூச்சுத்திணறலோடு தாடையிலோ கையிலோ வலி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: 40 வயதை ஒட்டிப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும். ஊசி சரியாகத் தெரியாமல் முன்னால் குனிகிறீர்களோ என்னவோ, இந்த மாதமே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.