பழைய வரைபடங்களை வைத்து ஒரு சந்தை ஊர் வளர்ந்த கதையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பாதி வரைக்கும். நான் விருதுநகரை வைத்து முயன்று பார்த்தேன். அம்மா பிறந்த ஊர்.

முதலில் தூரத்தை அளந்தேன். மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே போனால், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஏறக்குறைய 20 முதல் 30 கி.மீ. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒரு நாளில் போகிற தூரம் அது. சாயங்காலம் மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம் வேண்டும், சரக்குக்குக் காவல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் மகமை என்ற பொது நிதியைத் தங்களுக்குள் பிரித்து, பேட்டை என்ற மதில் வைத்த தங்குமிடங்களை நடத்தியது இதற்காகத்தான். மதுரை – தூத்துக்குடி ரயில் 1876இல் வந்தது. அதுவும் இதே ஊர்களைத் தொட்டுத்தான் போகிறது. ரயில்தான் விருதுநகரை உண்டாக்கியது என்பவர்களிடம் இந்த வரிசையைக் காட்டுவேன்.

ஊருக்குள் இறங்கியதும்தான் தலைவலி. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய வரைபடத்தை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினேன். கண்மாய்க் கரையை அடையாளப் புள்ளியாக வைத்தது என் முட்டாள்தனம். கரையை எப்போதோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். தெருவெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. அப்புறம் தெப்பக்குளத்தின் மூலைகளையும் ரயில் பாலத்தையும் பிடித்துக்கொண்டேன், சரியாக உட்கார்ந்தது. 1960களின் நிலவரத்துக்கு அமெரிக்க உளவு செயற்கைக்கோளான கொரோனாவின் படங்கள் இருக்கின்றன. 1995இல் ரகசியம் நீக்கிவிட்டார்கள். ஊரின் விளிம்பு எதுவரை போயிருந்தது என்று அதில் நன்றாகத் தெரியும்.

ஆனால் பஜார்? பழைய கிராம வரைபடத்தில் வரி கட்டுகிற நிலத்தைத்தான் துண்டு துண்டாக அளந்தார்கள். வீடும் கடையும் இருக்கிற நத்தம் மொத்தமும் ஒரே சர்வே எண். நமக்கு வேண்டிய இடம் வெறும் வெள்ளைத் திட்டு! அதை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது.

அங்கே உதவியது பழைய கிரயப் பத்திரங்களின் செக்குபந்திதான். இன்னார் கிட்டங்கிக்கு (சரக்குக் கிடங்குக்கு) மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு என்று நான்கெல்லையும் எழுதியிருக்கும். அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் மறைந்துபோன சந்துகூட மேலே வந்துவிடும். பத்திரத்தைக் காட்ட ஆட்கள் தயங்குவார்கள். ஜெராக்ஸ் கேட்காதீர்கள், செக்குபந்தியை மட்டும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.